நடுத்திட்டின் சண்டைப் பாலம்

நடுத்திட்டுக்கும் வண்டிக்கரைக்கும் இடையில் ஓடும் இரண்டு பர்லாங் அகலக் கால்வாயின் மேல், 1962ஆம் வருடம் தை மாதம் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு பாலம் நின்றது. அதை யாரும் கட்டவில்லை. அன்று இறால் கூடை மூன்று ரூபாய்க்கு ஏலம் போனது. மடவை இரண்டே கால். நண்டைக் கேட்க ஆள் இல்லை.

நடுத்திட்டு பழவேற்காடு ஏரிக்குள் கிடந்த ஒரு மணல்மேடு. நூற்றிருபது வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு ஏலத் திடல். எதிரே வண்டிக்கரை. அங்கிருந்து குதிரை வண்டி பிடித்தால் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன், எட்டுப் பத்து பாசஞ்சர், மெட்ராஸ். அந்த ரயிலைத் தவறவிட்ட மீனை மத்தியானத்துக்கு மேல் பூனைகூட மரியாதைக்குத்தான் முகர்ந்து பார்க்கும். செல்லியம்மாளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, விதவை. தலையில் மீன் கூடை, தோளில் ஐந்து வயது மகள் சம்பூர்ணம், இடுப்பளவு தண்ணீர், இப்படித்தான் அவளுக்கு விடியும். முந்தைய ஐப்பசியில் சேறு வழுக்கியது. கூடையைப் பிடிப்பதா, குழந்தையைப் பிடிப்பதா என்று செல்லியம்மாள் ஒரு நொடி யோசித்துவிட்டாள். அந்த ஒரு நொடியில் சம்பூர்ணம் தண்ணீருக்குள் போனாள். தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டதில் பிள்ளை பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து தண்ணீரைக் கண்டால் அலறும். மீன்பிடிக்கிற ஊரில் நீந்தத் தெரியாத ஒரே ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டது. யோசித்த அந்த நொடியைப் பற்றிச் செல்லியம்மாள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மகள் கால் நனையாமல் அக்கரை போக வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு அரசியல் கிடையாது.

அரசியல் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஆளுங்கட்சிக்கு லோகநாதன், எதிர்க்கட்சிக்கு நாகமுத்து. லோகநாதனின் தங்கை கோவிந்தம்மாவைத்தான் நாகமுத்து கட்டியிருந்தார். அதனால் இருவரும் மச்சான்கள், ஒரே பானைச் சோறு, இரண்டு கொடி. அந்தச் செவ்வாய்க்கிழமை லோகநாதன் ஒரு அரசாங்கக் காகிதத்தோடு திடலுக்கு வந்தார். ஊருக்குப் பாலம் வேண்டுமானால் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும், மீதியை அரசாங்கம் போடும் என்றது காகிதம். அவர் படித்து முடிப்பதற்குள் நாகமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உப்புக்கு வரி, பீடிக்கு வரி, நெருப்புப் பொட்டிக்கு வரி. இம்மாம் வாங்கிக்கினு இன்னும் ஒரு பங்கா? மௌண்ட்ரோடு போட்டப்ப அங்க இருக்கிறவன் ஊட்டாண்ட போயி உண்டி குலுக்கினாங்களா மச்சான்?"

"மௌண்ட்ரோடும் இந்தச் சேறும் ஒண்ணா? இன்னா பேசற நீ?"

"சேத்துல நிக்கறவன் போடற ஓட்டு மட்டும் சுத்தமா கீதா உங்களுக்கு?"

இந்தக் கேள்வி விழுந்ததும் கரையோரத் தண்ணீரில் ஒரு தூண் எழுந்தது. லோகநாதன் பதில் சொன்னார், தூணுக்கு மேல் ஒரு பலகை வந்து உட்கார்ந்தது. கேள்விக்கு ஒரு தூண், பதிலுக்கு ஒரு பலகை என்று கணக்காகப் போய், இருபத்தேழாவது தூணில் பாலம் வண்டிக்கரையைத் தொட்டது. நிறம் காய்ந்த கொடுவா செதில் மாதிரி இருந்தது. மரமா கல்லா என்று தட்டிப் பார்த்தவர்கள் இரண்டும் இல்லை என்றார்கள். ஊர் வாயைப் பிளந்து நிற்க, செல்லியம்மாள் மட்டும் கிழக்கு வெளுப்பதைப் பார்த்தாள், கூடையைத் தூக்கினாள், ஏறி நடந்தாள். எட்டுப் பத்து பாசஞ்சரில் உட்கார இடம் கிடைத்தது. மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது பாலம் இல்லை. மச்சான்கள் இருவரும் கோவிந்தம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள்.

சூட்சுமத்தை முதலில் பிடித்தவளும் செல்லியம்மாள்தான். மறுநாள் காலை கூடையைத் தூக்குவதற்கு முன்னால் நாகமுத்துவின் வாசலில் நின்றாள். "இன்னா அண்ணாத்த, நேத்து லோகநாதன் மாமா ஒரே போடு போட்டு உன்ன அடக்கிட்டாராமே, ஊரே சொல்லுது?" என்றாள். மூன்று நிமிஷத்தில் முதல் தூண் எழுந்தது. ஒரு வாரத்தில் ஊர் மற்ற விவரங்களையும் கற்றுக்கொண்டது. நாகரிகமான வாதத்துக்குத் தூணும் பலகையும் மட்டும்தான் கிடைக்கும். பக்கவாட்டுக் கைப்பிடி வேண்டுமானால் கெட்ட வார்த்தை விழ வேண்டும். மச்சான்கள் உறவுமுறை பார்த்துப் பேசுகிறவர்கள் என்பதால் முதல் மாதம் பாலம் கைப்பிடி இல்லாமல் மொட்டையாகவே நின்றது. "ரெண்டு அசிங்கமா பேசுங்கப்பா, புள்ளத்தாச்சி போறா" என்று பெண்கள் நடுப்பாலத்திலிருந்து கத்த வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் ஊர் ஒரு தவறு செய்தது. தினமும் சண்டை போடுவதால்தான் பாலம் தினமும் விழுகிறது, ஒரேயடியாகச் சமாதானம் ஆகிவிட்டால் ஒரேயடியாக நின்றுவிடும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். ஊர்ப் பெண் கெங்கம்மாளின் கல்யாண ஊர்வலம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது, நல்ல நேரம் பார்த்து, மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்து, ஊர் நாலில் ஒரு பங்கு போடுவது என்று மச்சான்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெண், மாப்பிள்ளை, ஏழு பித்தளைக் குடம், ஒரு நாதஸ்வரம் எல்லாம் அலுங்காமல் தண்ணீரில் இறங்கின. ஓதம், அதாவது கடலேற்றம், குறைந்த நேரம், உயிர்ச்சேதம் இல்லை. தாலி ஈரத்தில் ஏறியது. அந்த நாதஸ்வரம் அதன் பிறகு ஓதம் ஏறும் நேரத்தில் மட்டும்தான் வாசிக்கும், மற்ற நேரத்தில் காற்றுதான் வரும். செல்லியம்மாள் மகளைப் பாலத்தின் பக்கமே விடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவளுக்கு ஒரு உத்தரவாதம் தேவைப்பட்டது.

உத்தரவாதத்தை 'பாடு' கொடுத்தது. பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இன்ன நாளில் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். 1965இல் மச்சான்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் தொண்டை கட்டி, நான்கு நாள் ரயிலேற வேண்டிய மீனெல்லாம் எருவாக மாறியபோது, செல்லியம்மாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, வலைக்குப் பாடு இருக்கும்போது வாய்க்கு ஏன் பாடு வைக்கக்கூடாது என்று கேட்டாள். வைத்தார்கள். தினம் இரண்டு வீடு. ஒரு வீடு அரசாங்கமே முழுவதும் தர வேண்டும் என்று பேசும், மற்ற வீடு ஊரும் பங்கு போட வேண்டும் என்று பேசும். அடுத்த முறை கட்சி மாறும். முறை தவறிய வீட்டுக்கு அடுத்த வலைப் பாடு கிடையாது. இதனால் சில வருடங்களில் நடுத்திட்டில் சொந்த அபிப்பிராயம் உள்ளவர்கள் யாரும் மிஞ்சவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து அபிப்பிராயமும் எல்லோருக்கும் மனப்பாடம். சம்பூர்ணம் வண்டிக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். நடுத்தூண் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைத் தடவிக்கொண்டே போவாள். செல்லியம்மாள் தன் பாடு நாள்களில் கைப்பிடிக்குக் குறை வைக்கவே மாட்டாள்.

1967இல் ஆட்சி மாறியது. நாகமுத்து ஆளுங்கட்சி ஆனார், லோகநாதன் எதிர்க்கட்சி. முடிவு வந்த மறுநாள் காலையிலேயே, ஊரும் ஒரு பங்கு போடுவதுதான் தன்மானம் என்று நாகமுத்து பேச, உப்பு வரியும் பீடி வரியும் எங்கே போயிற்று என்று லோகநாதன் கேட்டார். வார்த்தை மாறவில்லை, வாய்தான் மாறியது. பாலம் ஒரு முறை மெதுவாகத் திரும்பிக்கொண்டது. வடக்கே இருந்த கைப்பிடி தெற்கே வந்தது. அந்தச் சமயம் பாலத்தில் போய்க்கொண்டிருந்த நாலு பேர் நடந்த திசையிலேயே நடந்து, கிளம்பிய கரைக்கே வந்து சேர்ந்தார்கள். ஆட்சி மாற்றம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மறுபடி நடந்தார்கள்.

மேலே எழுதிப் போட்ட மனுக்களுக்கும் பதில் வராமல் இல்லை. கால்வாயில் ஓதம் ஏறினால் உப்புத் தண்ணீர், ஆகவே அது கடல், டெல்லிதான் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர், ஆகவே அது ஆறு, மாநிலம்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொன்று. சித்திரையில் வெறும் சேறு, ஆகவே அது தெரு, ஊராட்சிதான் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது. 1969இல் அருணகிரி என்ற ஓவர்சியர் டேப்போடு வந்தார். நேர்மையான மனிதர், டீகூட வாங்கிக் குடிக்கமாட்டார். பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அளந்தார். டேப் பூஜ்யம் காட்டியது. நடுத்தூணின் மேல் நின்றுகொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் எழுதிய அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கிறது: நீளம், இல்லை. அகலம், இல்லை. நிலைமை, நன்று.

1973 வாக்கில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. கரும்பும் நெல்லும் இருந்த இடத்தில் தகரக் கூரைகள் முளைத்தன. அதில் ஒரு ஆணிக் கம்பெனியில், பதினேழு வயதில், சம்பூர்ணம் பாக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தாள். கூடவே வண்டிக்கரைக் காலனியிலிருந்து ரோசம்மாள். நேற்றுவரை அண்டை வயலில் கூலிக்கு நாற்று நட்டவள், இன்று கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு சங்குச் சத்தத்துக்கு ஓடினாள். நடுத்திட்டிலிருந்து மொத்தம் பத்தொன்பது பேர் வேலைக்குப் போனார்கள். எட்டு மணி ஷிப்டுக்குப் போகக் காலையில் ஒரு சண்டை, ஐந்து மணிக்குத் திரும்பச் சாயங்காலம் ஒரு சண்டை என்று பாடும் ஷிப்டு முறைக்கு மாறியது. மகள் முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கி, அதை நனையாமல் வீடு கொண்டுவந்து வைத்தபோது, செல்லியம்மாள் அந்தச் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அவளுக்கு அது போதும்.

பிறகு நெருக்கடி நிலை வந்தது. பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லி வண்டிக்கரையில் ஒரு போர்டு வைத்தார்கள். 1976 ஜனவரி கடைசியில் மாநில ஆட்சி கலைந்தது. கூட்டம் போட்டுப் பேசினார்கள் என்று பக்கத்து ஊரில் இரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நடுத்திட்டில் சண்டையை ரகசியக் குரலில் போட வேண்டியதாயிற்று. ரகசியக் குரலுக்குப் பாலம் ஒரு ஆள் அகலம்தான் வந்தது. பத்தொன்பது பேரும் எறும்பு மாதிரி வரிசையாகப் போனார்கள்.

பிப்ரவரி இருபத்துநான்கு, செவ்வாய்க்கிழமை. ஓதம் ஏறியிருந்தது. நடுப்பாலத்தின் அடியில் இரண்டு ஆள் ஆழம். பத்தொன்பது பேரில் முன்னால் போனவர்கள் கரையை நெருங்கிவிட்டார்கள், கடைசியில் சம்பூர்ணம், கையில் சாப்பாட்டுத் தூக்கு, கண்ணை மூடிக்கொண்டு பதிமூன்றாவது தூணில். அப்போது ஏரிப் பக்கமாக ஒரு மோட்டார் படகு வந்து ஏலத் திடலில் முட்டியது. தனி அலுவலர் இறங்கினார். சட்டமன்றம் இல்லாத, ஊராட்சித் தலைவர் இல்லாத அந்த நாளில் முழு அதிகாரமும் அவர் சட்டைப் பையில் இருந்தது. திருநெல்வேலிக்காரர், வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாதவர். படகில் வந்தவர் கால்வாய்ப் பக்கம் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வாயை மூடினார்கள்.

அலுவலர் காகிதத்தைப் பிரித்தார். நடுத்திட்டுப் பாலத்துக்கான முழுத் தொகையையும் அரசாங்கமே ஏற்கிறது. ஊர்ப் பங்கு கிடையாது. டெல்லியா மாநிலமா என்ற கேள்வியும் இனிமேல் கிடையாது, இரண்டும் ஒன்றுதான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலை தொடங்கும். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார், வழக்கத்துக்காக. பதினாலு வருடம் ஊர் மூக்கால் அழுது கேட்டது முழுசாகக் கைக்கு வந்துவிட்டதால் லோகநாதனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாகமுத்து வேனை நினைத்துக்கொண்டார். மச்சான்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, முதலில் கை தட்டினார்கள். ஊர் தட்டியது. ஒரு தட்டுக்கு ஒரு பலகை போயிற்று.

செல்லியம்மாள் கூடையை ஓலையால் மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பாலம் இரண்டு முனையிலிருந்தும் சர்க்கரை மாதிரி கரைந்துகொண்டு வந்தது. நடுவில் நாலு தூண் மிச்சம். அதன் மேல் மகள், காலடியில் என்னவோ லேசாவதை உணர்ந்து, கண்ணைத் திறந்து, தண்ணீரைப் பார்த்து, அசையாமல் நின்றுவிட்டாள். அலறல்கூட வரவில்லை. இந்த முறை செல்லியம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, மீனை மிதித்துக்கொண்டு அலுவலர் முன்னால் போய் நின்றாள்.

"எங்களுக்குப் பாலம் வேணாம்!"

கை தட்டல் நின்றது. அலுவலர் கண்ணாடியைச் சரிசெய்தார். "யாரும்மா நீ? முழுச் செலவும் அரசாங்கத்தினுடையது. புரியுதா?"

"அதான் வேணாங்கிறேன். சும்மா குடுத்தா இன்னா கேப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

ஒரு தூண் எழுந்தது.

"ஒண்ணும் கேட்க மாட்டோம். இது மக்கள் நலத்துக்கு."

ஒரு பலகை.

"மக்களாண்ட கேட்டீங்களா? நேத்து கேட்டீங்களா? அதுக்கு முன்னாடி பதினாலு வருசம் கேட்டோமே, அப்ப எங்க இருந்தீங்க? நாங்க ஒத்துமையா சண்ட போட்டுக்கினு கீறோம், நடுவுல வந்து நீ இன்னாத்துக்கு சமாதானம் பண்ற?"

நாலு தூண், ஒன்றன்பின் ஒன்றாக. அலுவலருக்கு ஒரு வருடமாக யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. முதலில் அவருக்குக் காது அடைத்தது, பிறகு முகம் சிவந்தது, பிறகு பதில் வந்தது, ஒவ்வொன்றாக, விதி எண்ணோடு. விதி எண்ணுக்குப் பலகை நல்ல கனமாக வந்ததை ஊர் கவனித்தது. பாலம் இரண்டு கரையையும் தொட்டுவிட்டது. ஆனால் சம்பூர்ணம் நகரவில்லை. அவள் கை காற்றில் இருபக்கமும் தடவிக்கொண்டிருந்தது. செல்லியம்மாள் அதைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அடப் பேமானி! கஸ்மாலம்! இஸ்திரி போட்ட வேட்டிய கட்டிக்கினு வந்தா நீ இன்னா பெரிய..."

மீதியை இங்கே எழுதுவதற்கில்லை. தெற்குக் கைப்பிடி முழுவதும் ஒரே மூச்சில் வந்தது என்றால் புரிந்துகொள்ளலாம். அலுவலருக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் போலீஸ் இல்லை. கையில் அதிகாரம் இருந்தது, வாயில் அது வரவில்லை. வாயில் வந்தது ஊர்ப் பேச்சு. "ஏட்டி மூதி! செத்த சவமே! யார்ட்ட பேசுதோம்னு தெரியுதாட்டி?" என்று தொடங்கி, தாமிரபரணிக் கரையில் சின்ன வயதில் கேட்டதையெல்லாம் அவர் எடுத்து விட்டார். வடக்குக் கைப்பிடி வந்தது. அதில் பூவேலை இருந்தது. நடுத்திட்டு அப்படி ஒரு கைப்பிடியை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

சம்பூர்ணம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்றப் பதினெட்டுப் பேர் முன்னாலேயே அக்கரை ஏறி நின்று விரலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ரோசம்மாள் கையை நீட்டி அவளை இழுத்துக்கொண்டாள். அன்று ஆணிக் கம்பெனியில் ஒருவருக்கும் லேட் மார்க் விழவில்லை. பேச்சு ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அலுவலர் திரும்பிப் பார்த்தார். பாலம் வெயிலில் செதில் செதிலாக மின்னிக்கொண்டிருந்தது.

"இது யார் அனுமதி குடுத்தது?"

"நீங்கதான் சார், இப்ப" என்றார் லோகநாதன்.

செல்லியம்மாளை வேனில் ஏற்றுவார்கள் என்று ஊர் மூன்று நாள் காத்திருந்தது. அலுவலர் நேர்மையாக நடந்ததை நடந்தபடி எழுதினார்: ஆட்சேபணை ஒன்று, செல்லியம்மாள், மீன் வியாபாரி, விசாரணை நிலுவை. ஆட்சேபணை நிலுவையில் இருக்கும்போது பணத்தைத் தொட முடியாது. விசாரித்து முடிக்க அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். மார்ச் முப்பத்தொன்று தாண்டியதும் பணம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. நெருக்கடி நிலை முடிந்தது, தேர்தல் வந்தது, ஆட்சிகள் வந்தன, அலுவலருக்கு இரண்டு முறை மாற்றல் ஆனது. விசாரணை மட்டும் முடியவில்லை. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு ஆள் தன்னை எதிர்த்துப் பேசாவிட்டால் சோறு இறங்கவில்லை என்று கோவிந்தம்மாவிடம் சொன்னாராம். நடுத்திட்டு அவருக்குப் பாடு கொடுத்தது. ஏரியில் ஒரு வலைப் பாடும் சேர்ந்து வந்தது. அதை அவர் நாகமுத்துவுக்கு விட்டுக்கொடுத்தார். ஆகவே செவ்வாய்க்கிழமை என்றால் அலுவலரும் செல்லியம்மாளும். அன்றுதான் பூவேலைக் கைப்பிடி. கர்ப்பிணிகள், மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் பயணம் வைத்துக்கொண்டார்கள்.

1979இல் கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் வந்தது. அந்த வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இறால் கூடை பதினெட்டு ரூபாய். சம்பூர்ணம் இடுப்பில் ஒரு வயது மகனோடு வேலைக்குக் கிளம்பினாள். அவனை ரோசம்மாளின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். திடலில் ஒரு நிமிஷம் நின்றாள். அவளுடைய அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டிருந்தாள். எதிரே அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"யம்மா, நெசமாவே உனக்குப் பாலம் வேணாமா?"

செல்லியம்மாள் குனிந்து மகளின் செருப்பைப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"செவ்வாக்கெழம வேணாம்டி. போ, போ, சங்கு ஊதிடப் போறான்" என்றாள். பிறகு அலுவலர் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். முதல் தூண் எழுந்தது.